"அவர் மேல கேஸ் இருக்கா?" பட்டினப்பாக்கத்தில் ஒரு பெயரைத் தேடுவது எப்படி

சென்னை பட்டினப்பாக்கத்தில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் புரோக்கரைத் தனியே கூப்பிட்டுக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஆள் எப்படிப்பா? மேல கேஸ் கீஸ் ஒண்ணும் இல்லையே?" எம்.ஆர்.சி. நகர் அடுக்ககத்தில் புது வாட்ச்மேன் வரும்போது சங்கச் செயலாளரும் இதையேதான் கேட்கிறார். பள்ளி வேன் ஓட்டுநரைப் பற்றிப் பெற்றோர் கேட்கிறார்கள். சாந்தோம் பக்கம் மாப்பிள்ளை பார்க்க வந்த பெண் வீட்டார் டீக்கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். பதில் பெரும்பாலும் வாய்வழிச் செய்தியாகவே வருகிறது. பல நேரம் முகவரியே பதிலாகிவிடுகிறது. "சீனிவாசபுரத்து ஆளா? பார்த்து வைங்க."

பயம் காரணமில்லாமல் வந்துவிடவில்லை. 2016 ஜூலையில் இதே பட்டினப்பாக்கத்தில் பைக்கில் வந்தவன் கைப்பையைப் பறித்ததில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இளம் ஆசிரியை ஒருவர் உயிரிழந்தார். அப்போது இந்தப் பகுதி மக்களே தெருவில் இறங்கிப் போராடினார்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பும் எவருக்கும், பக்கத்தில் குடிவருகிறவர் யார் என்று கேட்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு டீக்கடையில் பதில் தேட வேண்டியதில்லை. ஆவணம் இருக்கிறது. அதில் பெரும்பகுதியைப் பொதுமக்கள் யாரும் பார்க்கலாம். எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தெரியாமல் பார்த்தால் வதந்தி செய்யும் கேட்டைவிடப் பெரிய கேட்டை அச்சடித்த காகிதம் செய்துவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்காவில் மேகன் சட்டத்துக்குப் பிறகு, பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவர்களின் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். தெருப் பெயரைப் போட்டால் அந்தத் தெருவில் குடியிருக்கும் தண்டனை பெற்றவரின் படம் வரும். இந்தியாவிலும் 2018 செப்டம்பர் 20-ம் தேதி பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. ஆனால் அதைக் காவல்துறையும் புலனாய்வு அமைப்புகளும் மட்டுமே பார்க்க முடியும். ஒரு பெயரைத் தட்டினால் அந்த மனிதரின் முழு வரலாறும் வந்து விழும் பொதுப் பட்டியல் எதுவும் நம் நாட்டில் கிடையாது. இங்கே பொதுவில் இருப்பது வழக்கின் ஆவணம்; மனிதரின் ஆவணம் அல்ல. தேடுகிற முறை, கிடைப்பதைப் படிக்கிற முறை இரண்டுமே இந்த வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கின்றன.

வழக்கு பிறக்கிற இடம் காவல் நிலையம். இந்தப் பகுதிக்கு அது இ-5 பட்டினப்பாக்கம் காவல் நிலையம். உள்ளே போய் ஒரு பெயரைச் சொல்லி, "இவர் மேல கேஸ் இருக்கா சார்?" என்றால் ரைட்டர் திருப்பிக் கேட்பார்: "குற்ற எண் என்னம்மா? எந்த வருஷம்?" அலட்சியத்தால் கேட்பதில்லை. நிலையத்தில் எல்லாமே எண்ணால் அடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும் வரிசை எண்தான் குற்ற எண். அதைத் தெரிந்துகொண்டால் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் ஆகியவற்றைக் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகலைப் பார்க்கலாம்.

இந்த வசதி தானாக வந்துவிடவில்லை. 2016 செப்டம்பர் 7-ம் தேதி, யூத் பார் அசோசியேஷன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் சி.நாகப்பனும் ஓர் உத்தரவு போட்டார்கள். பதிவான 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏற வேண்டும். இணைப்புக் கோளாறு உள்ள இடங்களில் அதிகபட்சம் 72 மணி நேரம். அந்த ஆண்டு நவம்பர் 15 முதல் நாடு முழுக்க இது நடைமுறைக்கு வந்தது. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்ற வழக்குகள் மட்டும் விலக்கு. அந்த விலக்கை முடிவு செய்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும். ஆகவே பாலியல் வழக்கின் எஃப்.ஐ.ஆரைத் தேடிக் கிடைக்கவில்லை என்பதால், வழக்கே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைக் காக்கவே அது மூடி வைக்கப்பட்டிருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 37-வது பிரிவு இன்னொரு வழியையும் திறந்திருக்கிறது. கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். கைது செய்துவிட்டு எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் குடும்பங்கள் அலைந்த காலத்தை மனதில் கொண்டு எழுதப்பட்ட விதி இது. அக்கம்பக்கத்தார் வேவு பார்ப்பதற்காக எழுதப்பட்டதல்ல என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி அந்த எஃப்.ஐ.ஆரைக் கையில் எடுத்துப் பார்ப்போம். கடற்கரைப் பக்கத்து நிலையங்களின் பழைய எஃப்.ஐ.ஆர்.களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் வரி ஒன்று உண்டு: "ச/பி 294(பி), 323, 506(2) இ.த.ச." முதல் முறை பார்ப்பவருக்கு மூன்று எண்களும் சேர்ந்து பெரிய ரவுடியைக் கண்முன் நிறுத்தும். இ.த.ச. என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம். பிரித்துப் பார்த்தால் 294(பி) என்பது பொது இடத்தில் கெட்ட வார்த்தை பேசியது, 323 கையால் அடித்தது, 506(2) கொன்றுவிடுவேன் என்று மிரட்டியது. தண்ணீர் லாரியில் குடம் வைப்பதில் வந்த தகராறு, மீன் ஏலத்தில் வாய்த்தகராறு, அண்ணன் தம்பி சொத்துச் சண்டை என எதுவானாலும் இந்த மூன்று எண்களும் ஒன்றாகவே வரும். எதிர்த்தரப்பும் புகார் கொடுத்தால் அவர்கள் மேலும் அதே எண்களில் கவுன்டர் கேஸ். இன்று அதே சண்டைக்குப் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 296(பி), 115(2), 351(3) என்று எழுதுகிறார்கள். பழைய சட்டத்தில் சாலை மறியலுக்கு 143, 341. 2023 ஏப்ரலில் மாநகராட்சி லூப் ரோட்டு மீன் கடைகளை அகற்றியபோது மீனவர்கள் சாலையில் இறங்கினார்களே, அந்த மாதிரிப் போராட்டங்களில் போடப்பட்டு வந்த பிரிவுகள் இவை. பிழைப்பைக் காக்க ரோட்டில் உட்கார்ந்த பெண்மணியையும், கத்தி காட்டிப் பணம் பறித்தவனையும் "ரெண்டு பேர் மேலயும் கேஸ் இருக்கு" என்ற ஒரே வாக்கியத்தில் அடைப்பது அநியாயம். அதனால்தான் எண்ணைப் படித்துவிட்டு அதோடு நிறுத்தாமல், எஃப்.ஐ.ஆரின் பின்பகுதியில் இருக்கும் புகார் வாசகத்தையும் படிக்க வேண்டும் என்கிறேன்.

அப்படிப் படித்தாலும், எஃப்.ஐ.ஆர். என்பது ஒருவர் சொன்ன புகார் மட்டுமே. அதை இன்னும் யாரும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது அதற்கும் ஒரு படி கீழே. மனு வந்தது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. இதைத் தெரியாமல், யாரோ வாங்கி வைத்த சி.எஸ்.ஆர். நகலை வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஒரு குடும்பத்தையே குற்றவாளியாக்கிய கதைகள் குடியிருப்போர் சங்கங்களில் நிறைய உண்டு.

உண்மையான பதில் இருக்கிற இடம் நீதிமன்றம். சென்னையின் குற்ற வழக்குகள் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் நடுவர் நீதிமன்றங்களிலும், கொலை போன்ற பெரிய வழக்குகள் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள அமர்வு நீதிமன்றங்களிலும் நடக்கின்றன. இவை எல்லாமே இ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் கைபேசிச் செயலியிலும் இருக்கின்றன. கட்டணம் இல்லை. மாநிலம் தமிழ்நாடு, மாவட்டம் சென்னை, பிறகு நீதிமன்ற வளாகம் என்று தேர்ந்துகொண்டு, வழக்காடுபவர் பெயர், எஃப்.ஐ.ஆர். எண், வழக்கு எண், வழக்கறிஞர் பெயர் என எதைக் கொண்டும் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் சி.என்.ஆர். எண் உண்டு. அது கிடைத்துவிட்டால் பிறகு அந்த ஓர் எண்ணே போதும். அடுத்த வாய்தா எப்போது என்பது வரை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

பெயர் போட்டுத் தேடுவதில்தான் ஆபத்து. தளத்தில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. மணிகண்டனை ஒரு குமாஸ்தா 'கே' போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் 'ஜி' போட்டு எழுதியிருப்பார். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். சென்னையில் எத்தனை எஸ்.மணிகண்டன்கள், எத்தனை ஆர்.கார்த்திக்குகள்! குற்றப்பத்திரிகையில் 'அப்பு (எ) மணிகண்டன்' என்று பட்டப்பெயர் முன்னால் நிற்கும். வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரை எஸ்.ஐ. எழுதிக்கொள்வார், அதுவே ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பெயர் பொருந்துகிறது என்பதால் ஆள் பொருந்துகிறார் என்று ஆகாது. தகப்பன் பெயர், வயது, முகவரி மூன்றும் எஃப்.ஐ.ஆரிலோ தீர்ப்பிலோ ஒத்துவந்தால் மட்டுமே ஏற்க வேண்டும். பெயர் தேடலை விட எஃப்.ஐ.ஆர். எண் தேடல் பல மடங்கு பத்திரமானது. நிலையப் பட்டியலில் பட்டினப்பாக்கத்தைத் தேர்ந்து, எண்ணையும் ஆண்டையும் கொடுத்தால் நேராக அந்த வழக்கே வரும்.

வழக்கு வந்த பிறகு பார்க்க வேண்டியது அதன் நிலை. சி.சி. என்றால் நடுவர் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்பட்ட வழக்கு. எஸ்.சி. என்றால் அமர்வு நீதிமன்ற வழக்கு. எஸ்.டி.சி. பெரும்பாலும் அபராதம் கட்டி முடிகிற சில்லறை வழக்கு. முடிந்த வழக்கு என்று தளம் காட்டினால் எப்படி முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். விடுதலையா, தண்டனையா, சமரசமா, உயர் நீதிமன்றம் ரத்து செய்ததா? தீர்ப்பு ஏற்றப்பட்டிருந்தால் கடைசிப் பத்திக்குப் போங்கள். நம் நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். பழைய சட்டப்படி நடந்த நடுவர் நீதிமன்ற வழக்குகளில் எதிரியை 248(1)-ன் கீழ் என்று தொடங்கினால் விடுதலை, 248(2) என்றால் தண்டனை. அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த ஒற்றை இலக்கத்தில் ஒரு மனிதரின் மானமே தொங்கிக்கொண்டிருக்கிறது. இணையத்தில் தீர்ப்பு இல்லையென்றால் நீதிமன்றத்தின் நகல் பிரிவில் மனுப் போடலாம். வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் நபர் கேட்டால், எதற்காக வேண்டும் என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். நீதிமன்றம் திருப்தியடைந்தால் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

'குண்டாஸ்ல போனவன்' என்ற பேச்சையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குண்டர் சட்டம் எனப்படும் 1982-ம் ஆண்டின் 14-வது சட்டத்தில் ஒருவரை ஓராண்டு வரை தடுத்து வைக்கலாம். அது தடுப்புக் காவல்தான், தண்டனை அல்ல. அதற்கு முன் குற்ற விசாரணையே நடப்பதில்லை.

இவ்வளவையும் தேடிப் படிக்க எல்லோராலும் முடியாது. வாடகைக்கு விடுகிறவருக்கும் வேலைக்கு வைக்கிறவருக்கும் காவல்துறையே ஒரு வழி வைத்திருக்கிறது. 2012 பிப்ரவரி 23-ம் தேதி வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில், வங்கிக் கொள்ளையில் தேடப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஐந்து பேர் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டது நினைவிருக்கும். அதன் பிறகு வாடகைதாரர் விவரங்களைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று மாநகரக் காவல் ஆணையர் உத்தரவிட்டார். அதே பாதையில் 2018-ல் வந்ததுதான் இணையவழிச் சரிபார்ப்புச் சேவை. வாடகைதாரர், வீட்டுவேலை செய்பவர், வேலைக்கு விண்ணப்பித்தவர் ஆகியோரின் விவரத்தைக் கொடுத்து விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கு 500 ரூபாய், தனியார் நிறுவனத்துக்கு 1,000 ரூபாய் என்று தொடங்கிய சேவை இது. 2009-ல் ஒப்புதல் பெற்ற சி.சி.டி.என்.எஸ். திட்டத்தில் நிலையங்களின் பதிவுகள் ஒன்றாக இணைக்கப்பட்டதால் இது சாத்தியமாயிற்று. ஆளைத் தெரியாமல் தேடி, பெயர் ஒன்றாக இருக்கிற வேறு யாரையோ சந்தேகிப்பதைவிட இது எவ்வளவோ மேல். சரிபார்க்கப்படுகிறவரிடம், "உங்க விவரத்தைப் போலீஸ்ல கொடுத்துச் சரிபார்க்கப் போறோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

நம் உரிமை மிக விரிவாக இருக்கிற ஓர் இடத்தை நாம்தான் பயன்படுத்துவதில்லை. தேர்தல் வேட்பாளர். பட்டினப்பாக்கம் மயிலாப்பூர் சட்டமன்றத் தொகுதியிலும் தென்சென்னை மக்களவைத் தொகுதியிலும் இருக்கிறது. 2002 மே 2-ம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. இன்று படிவம் 26-ல் வேட்பாளர் தன் மேல் இருக்கும் ஒவ்வொரு வழக்கின் எஃப்.ஐ.ஆர். எண், நிலையம், நீதிமன்றம், சட்டப்பிரிவு எல்லாவற்றையும் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். 2018 செப்டம்பர் 25-ம் தேதித் தீர்ப்பின்படி பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும். 2020 பிப்ரவரி 13-ம் தேதித் தீர்ப்பு, வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்துகிறோம் என்ற காரணத்தைக் கட்சியும் வெளியிட வேண்டும் என்றது. ஜெயிக்கக்கூடியவர் என்பது மட்டும் காரணமாகாது என்றும் சொன்னது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும், ஏ.டி.ஆர். அமைப்பு நடத்தும் மைநேதா தளத்திலும் இவை அனைத்தும் உள்ளன. வாட்ச்மேனின் பூர்வீகத்தைத் துருவுகிற நாம், ஐந்தாண்டுக்கு நம் பணத்தை ஆளப் போகிறவரின் படிவத்தை ஒரு முறை திறந்து பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் தேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூடியே இருக்க வேண்டிய பதிவுகளும் உண்டு. 18 வயது நிறையாதபோது நடந்த குற்றம் எவருடைய நற்சான்றிலும் தலைகாட்டக் கூடாது என்கிறது 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். நிலையத்தில் இருக்கும் ஹிஸ்டரி ஷீட் எனும் சரித்திரப் பதிவேடும் அப்படித்தான். 'ஏ பிளஸ் ரவுடி' என்று செய்தியில் வருகிறதே, அந்த வகைப்பாடு அதில்தான் இருக்கிறது. அது நிலையத்தின் உள் ஆவணம், பொதுவில் வைக்கும் அறிக்கை அல்ல என்று 2024 மே 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. நீதிபதிகள் சூர்ய காந்தும் கே.வி.விஸ்வநாதனும் அத்தோடு நிற்கவில்லை. ஏழைகள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பெயரில் இந்தப் பதிவேடுகள் யோசனையின்றித் திறக்கப்படுவதைக் குறிப்பிட்டு, எல்லா மாநிலங்களும் தங்கள் நடைமுறையைத் திருத்துவது பற்றி யோசிக்கச் சொன்னார்கள். பிறப்பை வைத்தே குற்றவாளி என்று பதிவு செய்த குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் 1947 வரை இருந்தது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மேல் 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் துப்பாக்கியை நீட்டிச் சுட்டது. அப்போது குலம் பார்த்தார்கள். ஹவுசிங் போர்டு பிளாக் எண்ணைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்கள் இப்போது இடம் பார்க்கிறார்கள்.

விடுதலையான பிறகும் விடாத பதிவுகளைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, 2014-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் விடுதலையான ஒருவர், இணையத்தில் இருக்கும் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டு வழக்குப் போட்டார். 2021 ஆகஸ்டில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், சட்டம் வராமல் நீதிமன்றம் தன் பதிவுகளைத் திருத்த முடியாது என்றார். 2024 பிப்ரவரி 27-ம் தேதி இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்க உத்தரவிட்டது. அந்த ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. தீர்ப்புகள் திறந்திருக்க வேண்டும் என்பதும் நியாயம், குற்றமற்றவர் பெயர் தேடலில் தொங்கக் கூடாது என்பதும் நியாயம். நீதிமன்றங்களே தடுமாறுகிற இடம் இது என்பதால் தேடுகிற நம் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

தமிழ்நாட்டில் காவலர் வேலைக்குப் போகிற பையனைக் கேட்டால் இதன் கூர்மை தெரியும். சந்தேகத்தின் பலனைத் தந்து விடுவிக்கப்பட்டவரையும், சாட்சி பிறழ்ந்ததால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்கிறது தேர்வு விதி. தெருச் சண்டையில் 323-ல் சேர்க்கப்பட்டு, ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்து, சாட்சிகள் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்லி வழக்கு முடிந்திருக்கும். உடற்தகுதித் தேர்வில் ஓடி ஜெயித்த பையன் அந்த ஒரு தாளில் நின்றுபோகிறான். சமரசத்துக்கு ஒப்புக்கொள்ளும்போது இதையெல்லாம் அவனுக்கு யாரும் சொல்வதில்லை. வழக்கை உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கேட்பதா, விசாரணையைச் சந்தித்துத் தகுதி அடிப்படையில் விடுதலை பெறுவதா என்பதை வழக்கறிஞரிடம் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். எழும்பூரிலும் சைதாப்பேட்டையிலும் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

ஆகவே பட்டினப்பாக்கத்து இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அடுத்தவர் தேடுவதற்கு முன் உங்கள் பெயரை நீங்களே தேடுங்கள். இ-கோர்ட்ஸில் எல்லா எழுத்து வடிவத்திலும் போட்டுப் பாருங்கள். உங்களைப் பற்றிய சரிபார்ப்பு அறிக்கைக்கு நீங்களே விண்ணப்பியுங்கள். வெளிநாடு போகிறவர்கள் பாஸ்போர்ட் சேவா வழியாக 500 ரூபாய் கட்டி நற்சான்று கேட்டால் அதிலும் தெரிந்துவிடும். முடிந்த வழக்கு நிலுவையில் இருப்பதாக வந்தால் நீதிமன்றத்தில் தீர்ப்பின் சான்றிட்ட நகலை இரண்டாக வாங்குங்கள். ஒன்றைக் குற்ற எண் குறிப்பிட்ட மனுவோடு காவல் நிலையத்தில் கொடுத்து, பதிவைத் திருத்தக் கேட்டு, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நிலையத்தில் நகரவில்லை என்றால் அதே மனுவை மயிலாப்பூர் துணை ஆணையருக்கும், வேப்பேரியில் உள்ள மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இரண்டாவது நகல் வீட்டில், ரேஷன் கார்டும் டி.சி.யும் இருக்கிற அதே பையில் இருக்கட்டும்.